புளி போட்டு மினுக்கிய தகடு

இலக்கத் தகடு இல்லாத கார் ஒன்று நான்கு மாதம் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கிடந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீட்டில் இருந்தோம். அந்த நாளில் இந்த நாட்டில் கார் வாங்குவது லேசான காரியம் இல்லை. ஓட்டை உடைசலுக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆகையால் என் கணவர் அடிபட்ட கார் ஒன்றை வாங்கினார். ஒடாஹுஹுவில் உடைந்த வாகனங்களைக் குவித்து வைத்து விற்கிற யார்ட்காரன் ஒருவன் கொடுத்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். இங்கே வந்து தொழிற்சாலை ஒன்றில் அட்டைப்பெட்டி அடுக்கினார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

காரைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே கிளென்ஃபீல்டில் ஒரு கராஜ்காரர் அவரை மெக்கானிக்காக எடுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. காலை ஏழு மணிக்குச் சொந்த வாகனத்தில் வந்து நிற்கவேண்டும். வழியில் நின்றுபோன கார்களைப் பார்க்கப் போகவும் அந்த வாகனம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, டவுனில் இறங்கி மாறி, பாலம் தாண்டிப் போனால் எட்டரை ஆகும். நவம்பர் மாத முதல் திங்கட்கிழமை வரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு ஆளை எடுப்பேன் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அதற்குள் கார் ரோட்டில் ஓடவேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அடிபட்ட கார் சும்மா ஓடாது. இதை எனக்கு என் கணவர் பலதடவை விளங்கப்படுத்தியிருக்கிறார். இன்சூரன்ஸ்காரர் ஒரு காரை இனித் திருத்துவது வீண் என்று எழுதிவிட்டால், அதன் இலக்கத் தகடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பதிவும் ரத்தாகிவிடும். சட்டத்தின் கணக்கில் அந்தக் கார் இல்லை. அதைத் திரும்பவும் ரோட்டுக்குக் கொண்டுவரவேண்டும் என்றால் பரிசோதகர் ஒருவர் முழுக்கப் பார்க்கவேண்டும். ஒட்டிய இடம், பிரேக், விளக்கு எல்லாம் பார்ப்பார். மாற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, காரில் இருக்கிற சேஸி நம்பரும் கடதாசியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பார். உடைந்த காரின் கடதாசியை வைத்துக்கொண்டு களவெடுத்த காரை ஓட்டுகிற ஆட்களும் உண்டாம். அதற்காகத்தான் இவ்வளவு சோதனை.

நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். முன்பக்கத் தகரத்தில் குத்தியிருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் அறைந்த சின்னத் தகடு ஒன்றிலும் இருக்கும். முன்பக்கத் தகரம் அப்பளம்போல நொறுங்கியிருந்ததால் அவர் அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு காரின் தகரத்தை ஒட்டியிருந்தார். ஆகவே மிச்சம் இருந்தது அந்தச் சின்னத் தகடு மட்டும்தான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்? பொனட்டுக்குள் எனக்கு என்ன வேலை?

ஆயுத பூசை வந்தது. ஊரில் கராஜில் ஸ்பேனர் முதல் ஜாக் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாகனங்களுக்கு நம்பர் தகட்டில் பொட்டு வைப்போம். அந்தச் சனிக்கிழமை அவர் ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தார். நான் ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து அடுக்கினேன். காருக்குப் பொட்டு வைக்கப் போனால் முன்னுக்கும் தகடு இல்லை, பின்னுக்கும் இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்கா பொட்டு வைப்பது?

பொனட்டைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு தகடு, எண்ணெயும் அழுக்கும் அப்பிக் கறுப்பாக இருந்தது. அழுக்குக்குள் இலக்கங்கள் தெரிந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து வராது, ஆனால் இலக்கம் வாசிப்பேன். சரி, இதுதான் இந்தக் காரின் உண்மையான நம்பர் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். அங்கேதான் பிழை தொடங்கியது.

அழுக்கின் மேல் பொட்டு வைக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. என் வீட்டுக் குத்துவிளக்கில் முகம் பார்க்கலாம். இன்றைக்கும் பார்க்கலாம், வந்து பாருங்கள். பழப்புளியைக் கரைத்து எடுத்தேன். சட்டி தேய்க்கிற இரும்பு நாரை எடுத்தேன். அரை மணித்தியாலம் குனிந்து நின்று மினுக்கினேன். அழுக்குப் போனது, கறுப்பு மையும் போனது, தகடு வெள்ளிபோலப் பளபளத்தது. இலக்கங்கள் கொஞ்சம் மங்கியதுபோல இருந்தது. ஈரம் காய்ந்தால் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, சந்தனத்தைத் தடிப்பாகக் குழைத்துத் தகடு முழுக்கப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

பின்னேரம் அவர் வந்து பொனட்டைத் தூக்கினார். சிரித்தார்.

"என்னப்பா, எஞ்சினுக்கும் பொட்டோ?"

"நம்பர் தகடு இல்லாத காருக்கு வேறை எங்கை வைக்கிறது?"

"சரி சரி, இருக்கட்டும். சாமிக் குத்தம் வேண்டாம்."

அவர் அதைத் துடைக்கவில்லை. துடைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பரிசோதனைக்கு நாள் கிடைத்தது கராஜ்காரர் சொன்ன திங்களுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. தகடு இல்லாத காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. பக்கத்து வீட்டு மலேசியாக்காரியின் கணவர் தன் வாகனத்தில் ட்ரெய்லர் பூட்டி இழுத்துத் தந்தார். நானும் போனேன். நான்கு மாதம் கையில் விளக்குப் பிடித்து நின்றவள் நான். பாஸாகிறதைப் பார்க்க வேண்டாமா?

பரிசோதகர் நெடிய மனிதர். சாம்பல் நிற மேலங்கி. பேச்சுக் குறைவு. காருக்குக் கீழே படுத்து ஒட்டிய இடமெல்லாம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். என் கணவரின் ரசீதுக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தரம் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். என் கணவரின் முகம் மலர்ந்தது. "வேலை சுத்தமாம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார்.

பிறகு பரிசோதகர் பொனட்டுக்குள் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் விரலால் சுரண்டிப் பார்த்தார், மணந்து பார்த்தார். துணியை எடுத்துத் துடைத்தார். அடியில் தகடு கண்ணாடிபோல மின்னியது. டோர்ச் அடித்தார். பூதக்கண்ணாடி எடுத்துவந்து பார்த்தார். என் கணவரைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஆனால் பொலிஸ் என்ற சொல் எந்தப் பாஷையிலும் பொலிஸ்தான். என் கணவர் கையை விரித்து விரித்துப் பேசினார். அந்த மனிதர் தகட்டைத் தொட்டுக் காட்டினார், துணியில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் காட்டினார். பிறகு அந்தப் பரிசோதனை நிலையத்தின் பின்பக்க முற்றத்தில் ஒரு மூலையைக் காட்டினார். காரை அங்கே தள்ளி நிறுத்தச் சொன்னார்.

திரும்பி வரும்போது ட்ரெய்லர் வெறுமையாகத் தடதடத்தது.

"ஆரோ நம்பரை அழிச்சிருக்கினமாம்" என்றார் என் கணவர். "அழிச்சுப்போட்டு மேலை பூசி மறைச்சிருக்காம். களவு காராய் இருக்கலாமாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை விளக்கம் குடுக்காட்டி பொலிசுக்கு எழுதுவாராம், காரும் போயிடுமாம்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை தூறியது. என் விரல் நகத்துக்குள் இன்னும் புளி மணம் இருக்கிறதுபோல எனக்குத் தோன்றியது.

"நீர் பூசினது சந்தனம் எண்டு சொன்னனான். அவன் நம்பேல்லை. அது பரவாயில்லை. ஆனா அழிச்சது ஆர்? எனக்கு வித்தவன்தான். அந்த ஒடாஹுஹுக்காரன் என்னை நல்லா ஏமாத்திப்போட்டான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கல்யாணம் முடித்துப் பதினாறு வருடம். அதுவரைக்கும் அந்த வீட்டில் பிழை பிடிக்கிறவள் நான், பிழை விடுகிறவர் அவர். அப்படித்தான் நடந்துவந்தது. அதை நான் பெருமையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மை.

புதன்கிழமை அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி ஒடாஹுஹுவுக்குப் போனார். வந்து நடந்ததைச் சொன்னார். யார்டில் பத்துப் பேருக்கு முன்னால் அந்த மனிதனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவன் அடிக்க வரவில்லையாம். வாங்கி விற்கிற கார்களின் நம்பர் எழுதிய தன் பதிவுப் புத்தகத்தை எடுத்து எறிந்து, பார் என்றானாம். பிறகு கேற்றைக் காட்டினானாம்.

"என்ன நடிப்பு!" என்றார் அவர். சோறு போட்டேன். அவர் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினார்.

வியாழக்கிழமை காலையில் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த மலேசியாக்காரி டவுனில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்தவள். நல்ல இங்கிலீஷ். வாய் நீளம், மனசு சுத்தம். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ அக்கா! காரை ரசச் சட்டின்னு நெனைச்சீங்களா?"

"சிரிக்காதை. எனக்கு உயிர் போகுது."

"சிரிக்காம என்னா செய்யிறது? எஞ்சினுக்கு உள்ள போயி புளி போட்டுத் தேய்ச்ச பொம்பள உலகத்துலயே நீங்க ஒருத்திதான் லா." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா வேலைக்குப் போகப்போறேன் கிளென்ஃபீல்டுக்கு?"

அது சுருக்கென்று தைத்தது. எழுந்து வந்துவிட்டேன். அவள் பின்னாலேயே வாசல்வரை வந்து, "நாளைக்கு லீவு எடுக்கிறேன், நான் வந்து பேசுறேன் அந்த ஆளுகிட்ட. ஆனா இன்னிக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

பின்னேரம் அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். உட்காரவில்லை.

"இஞ்சாருங்கோ. அந்த யார்ட்காரன் ஒண்டும் செய்யேல்லை. தகட்டை மினுக்கினது நான்."

அவர் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்கும். பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"என்னத்தாலை தேச்சனீர்?" என்று கேட்டார்.

"புளியும் இரும்பு நாரும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம் இருக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மெல்லிய அலுமினியம்" என்றார், யாரோ செத்த செய்தி கேட்டவர்போல. எழுந்து கராஜுக்குப் போனார். அங்கே கார் இல்லை, வெறும் நிலம்தான். அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன் உள்ளே வந்து, "நாளைக்கு அந்தப் புளியையும் நாரையும் ஒரு பையிலை போட்டு எடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மலேசியாக்காரி தன் வீட்டு வாகனத்தில் ட்ரெய்லர் பூட்டி ஓட்ட, மூன்று பேரும் போனோம். பரிசோதகர் மேசைக்குப் பின்னால் இருந்தார். மலேசியாக்காரி பேசப் பேச அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. இடையில் ஒரு கேள்வி கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எஞ்சினுக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாம இருக்கிற தகட்டை யாராச்சும் இப்பிடித் தேய்ப்பாங்களான்னு கேக்கிறாரு அக்கா."

"நான் தேய்ப்பன் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"யாரு வேணும்னாலும் பொண்டாட்டி மேல பழி போடலாமாம்" என்றாள் அவள், குரலைத் தணித்து. என் கணவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். பையிலிருந்து புளியை எடுத்து அந்த மேசையில் வைத்தேன். இரும்பு நாரையும் வைத்தேன்.

"அதே மாதிரித் தகடு ஒண்டு தரச்சொல்லு. நான் செய்து காட்டுறன்."

அவர் யோசித்தார். வெளியே போனார். நேரம் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வரும்போது அவரோடு இன்னொரு பெரியவரும் வந்தார். அவருக்கு மேலதிகாரியாம். கையில் ஓர் அழுக்குத் தகடு. பின்முற்றத்தில் கிடந்த இன்னொரு செத்த காரிலிருந்து கழற்றியது, அதே கம்பனி, அதே வகை.

கைகழுவுகிற தொட்டியடிக்குப் போனோம். வேலைசெய்துகொண்டிருந்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். புளியைக் கரைத்தேன். வேகமாகத் தேய்த்தால் நடிக்கிறேன் என்பார்கள், மெதுவாகத் தேய்த்தால் பயப்படுகிறேன் என்பார்கள். ஆகவே வீட்டில் விளக்குத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தேன். முதலில் ஓரம், பிறகு நடு, வட்டமாக, ஒவ்வொரு வட்டமும் முந்தின வட்டத்தில் பாதி ஏறும்படி. கறுப்பு மை கரைந்து தொட்டியில் ஓடியது. எனக்குப் பின்னால் என் கணவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலம் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் பரிசோதகர் கையை நீட்டித் தகட்டை வாங்கினார். எங்கள் காரடிக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். கீறல்கள் ஒரே வட்டம், ஒரே பக்கச் சரிவு. இரண்டிலும் ஆழமாகக் குத்திய இலக்கங்கள் நின்றன, ஆழம் இல்லாதவை போய்விட்டன. எங்கள் தகட்டில் மிஞ்சி நின்ற இலக்கம் ஒவ்வொன்றையும் கடதாசியோடு ஒப்பிட்டார்கள். போனது இரண்டே இரண்டுதான். சுரண்டி வேறு இலக்கம் அடித்த அடையாளம் எங்கேயும் இல்லை. எஞ்சின் நம்பரும் சரி. முன்தகரத்தின் ரசீதை மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் கொடுத்தோம்.

இரண்டு பேரும் தள்ளிப்போய்க் கதைத்தார்கள். அந்த நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தான் கழன்று கையோடு வந்தது.

பரிசோதகர் திரும்பி வந்து ஒரு படிவத்தில் எழுதினார். பெரியவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மலேசியாக்காரி எட்டி வாசித்தாள்.

"எழுதிட்டாங்க அக்கா! 'வீட்டில் சுத்தம் செய்ததால் தேய்ந்தது'ன்னு எழுதியிருக்காரு. புதுத் தகட்டுல நம்பர் அடிச்சு இவங்களே அறைஞ்சிடுவாங்களாம். இன்னிக்கே போஸ்ட் ஆபீஸ்ல பதிஞ்சிக்கலாம்."

என் கணவர் அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. பரிசோதகர் என்னிடம் வந்து, நான் மினுக்கிக் காட்டிய தகட்டைக் காட்டி ஏதோ சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் இருந்தது.

"என்ன சொல்லுறார்?"

"அவங்க வீட்டு வெள்ளிக் கரண்டியெல்லாம் கறுத்துக் கிடக்காம்."

காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு, தபால் கந்தோர் மூடுவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். இரண்டு புது இலக்கத் தகடு தந்தார்கள். என் கணவர் கந்தோர் வாசலிலேயே குந்தியிருந்து பூட்டினார். நான் திருப்புளி எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர், "ஒடாஹுஹுவுக்குப் போகவேணும்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நானும் வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்த ஓட்டத்தை விட்டால், அந்தக் கார் புது நம்பரோடு முதல் தூரம் ஓடியது அங்கேதான். யார்ட்காரன் எங்களைக் கண்டதும் கேற்றை நோக்கிக் கையை உயர்த்தினான். என் கணவர் இறங்கிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். அவன் முகம் இளகவில்லை. பிறகு நான் இறங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வசனம் வராது. என் நெஞ்சில் கையை வைத்து, "மீ" என்றேன். இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினேன். "ஹிம், நோ. மீ" என்றேன். எனக்கு ஞாபகம் உள்ளவரை, என் புருஷன் அல்லாத ஒருவரிடம் நான் தலையைக் குனிந்தது அந்த ஒரு தடவைதான். அவன் என் கைகளைப் பார்த்தான். பிறகு கேற்றைத் திறந்து பிடித்தபடி, உள்ளே வரும்படி தலையால் காட்டினான். என் கணவர் பின்னாளில் அவனிடம் எத்தனையோ சாமான் வாங்கினார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவர் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் அதற்கு முன்பே எழும்பி முன் இலக்கத் தகட்டில் பொட்டு வைத்திருந்தேன். சின்னப் பொட்டு, ஓரத்தில், இலக்கத்தில் படாமல். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"தேய்க்கேல்லைத்தானே?"

"இல்லை."

காரில் ஏறப்போனவர் திரும்பி வந்து பொனட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மூடினார். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கக் கிளென்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பின்னேரம் வந்து சொன்னார். கையெல்லாம் எண்ணெய். அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டார்.

அந்தக் காரை ஒன்பது வருடம் வைத்திருந்தோம். ஒவ்வொரு நாள் காலையும் பொனட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார். நான் ஜன்னலால் பார்ப்பது தெரிந்தால், "எண்ணெய் பாக்கிறன்" என்பார். எண்ணெய் பார்க்கிற கம்பி ஒரு நாளும் அவர் கையில் இருந்ததில்லை.